ஒரு ஜெபச் சீட்டும் பதினேழாம் நாள் செடியும்

கத்திரியக்காவுக்கு ஆண்டவர் கொடுத்த வரங்கள் இரண்டு. ஒன்று கை, இன்னொன்று வாய். கையை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

முடி வெட்டும் கடை வைத்திருப்பதால் வந்த பெயர் அது. தெருப் பிள்ளைகளின் வாயில் 'கத்திரியக்கா' தேய்ந்து 'கத்திரிக்கா' ஆகிப் பல வருடம் ஆகிறது. முத்திப் போறதுக்குள்ள கூப்பிட்டா சரி என்று அவளும் விட்டுவிட்டாள்.

போன வாரம் அந்த வீட்டில் ஒரே கொண்டாட்டம். அவளுடைய ஒரே மகள், பதினாறு வயதுச் சுண்டு, தோழி சோடாவுடன் சேர்ந்து செய்த செடி ஆய்வுக்குப் பள்ளியில் முதல் பரிசு. நான்கு பெட்டி, நான்கு நிற விளக்கு, நான்கு சூரியகாந்திச் செடி, முப்பது நாள் அளவு. நீல விளக்குச் செடி மட்டும் நடுவில் திடீரென்று பாய்ந்து வளர்ந்திருந்தது. நடுவர்கள் வியந்ததே அந்தப் பாய்ச்சலைப் பார்த்துத்தான். வரும் திங்கட்கிழமை அந்த அளவு நோட்டு அடுத்த சுற்றுக்குப் போகிறது.

சுண்டுவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். தான் பழுது பார்க்கும் ஒவ்வொரு லிஃப்டிலும் ஏறியவர்களிடமெல்லாம் அவர் இந்தச் செய்தியைச் சொன்னார். கதவு திறக்கும் வரை கேட்பதைத் தவிர அவர்களுக்கும் வேறு வழியில்லை.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், சுண்டுவைத் தவிர. பரிசு வாங்கிய நாளிலிருந்து அவள் சாப்பிட்ட தட்டை யாரும் சொல்லாமலே கழுவி வைக்கிறாள். அம்மாவுக்குச் சந்தேகம் வர அது ஒன்றே போதும்.

சனிக்கிழமை காலை, கடையில் முதல் தலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது பாஸ்டரம்மா வந்தார். கையில் ஒரு சீட்டு.

இவர்கள் சபையின் வாசலருகே ஒரு ஜெபப் பெட்டி உண்டு. யாரும் பெயர் போடாமல் தங்கள் பாரத்தை எழுதி அதில் போடலாம். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் கூடி அந்தச் சீட்டுகளை வாசித்து ஜெபிப்பார்கள். சீட்டு யாருடையது என்று எவரும் விசாரிக்கக் கூடாது என்பது பாஸ்டரம்மா போட்ட சட்டம். இதுவரை அதை மீறியவர் ஒருவர்தான். கத்திரியக்கா, இரண்டு தடவை.

பாஸ்டரம்மா சீட்டை வாசித்துக் காட்டினார். 'முடி வெட்டிக்க உதவி தேவை. வீட்டில் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமைக்குள்.' வாலிபப் பிள்ளைகளில் யாரோதான் எழுதியிருக்க வேண்டும், என்ன கஷ்டமோ என்று அவர் கண்கலங்கினார். யாரென்று கேட்கவும் முடியாது. அதனால் மூன்று மணிக்குச் சபைக் கூடத்தில் வாலிபர் எல்லாருக்கும் முடி வெட்டிவிடலாம், கூட்டத்தோடு கூட்டமாக அந்தப் பிள்ளையும் வெட்டிக்கொள்ளட்டும் என்று திட்டமும் போட்டுவிட்டார். வாலிபர் குழுவுக்குச் செய்தியும் போய்விட்டது. வெட்டுவதற்கு ஆள் மட்டும்தான் பாக்கி.

கத்திரியக்கா சீட்டை வாங்கிப் பார்த்தாள். கட்டம் போட்ட வரைபடத் தாளிலிருந்து கிழித்த ஒல்லியான துண்டு. இடம் போதாமல் முதல் வரியில் 'முடி' மட்டும்தான் இருந்தது. இரண்டாவது வரி 'வெடுக்க' என்று தொடங்கியது. பாஸ்டரம்மா கண்ணாடியை மாற்றி நாளாகிறது. அவர் கண்ணுக்கு அது 'வெட்டிக்க'.

முடிவெடுக்க உதவி தேவை.

அவள் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தாள். 'தி'யின் சுழியை எழுத்தைவிடப் பெரிதாகப் போடும் கை அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. அந்தக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவளே அவள்தான். வரைபடத் தாளும் அவள் வாங்கிக் கொடுத்ததுதான்.

தப்பாக வாசித்துவிட்டீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அப்புறம் யாருடைய சீட்டு என்பதும் வந்துவிடும். வாயை மூடிக்கொண்டாள். மூன்று மணிக்கு வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிப் பாஸ்டரம்மாவை அனுப்பிவிட்டு, நாற்காலியில் இருந்த தலைக்கு மறுபடியும் தண்ணீர் தெளித்தாள்.

"நான் வீட்லயே குளிச்சுட்டுத்தாங்க வந்தேன்" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

அவர் எழுந்து போனதும் கணவருக்குப் போன் போட்டாள். அவர் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கயிற்றுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்க பொண்ணு ஏதோ முடிவெடுக்கப் போறா."

"நல்லதுதானே. நம்ம வீட்ல ஒருத்தராவது எடுக்கட்டும்."

அவள் சீட்டு விஷயத்தைச் சொன்னாள். காதலாக இருக்குமோ, படிப்பை விடப் போகிறாளோ, யாராவது மிரட்டுகிறார்களோ என்று தனக்குத் தோன்றியதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். இப்போதே வீட்டுக்குப் போய் நேருக்கு நேர் கேட்டுவிடப் போவதாகவும் சொன்னாள். எதிர்ப்பக்கம் மசகு டப்பாவை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா நான் முதல்ல கதவை இழுக்கிறதில்ல. வெளிய ஆள் இருக்குன்னு மட்டும் குரல் குடுப்பேன்" என்றார் அவர்.

"அவ என்ன லிஃப்ட்லயா இருக்கா?"

"நீ கேட்டா அவ இல்லாத ஒண்ணைச் சொல்லிச் சமாளிப்பா. அவளா வந்து சொல்லட்டும். இன்னைக்கு ஒரு நாள் கேக்காம இரு. உன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும், அதனால உனக்காகவும் ஜெபம் பண்றேன்."

மதியச் சாப்பாட்டில் சுண்டு மூன்று கவளத்தில் எழுந்துவிட்டாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். கேட்கவில்லை. நாக்கின் நுனியைக் கடித்து வைத்திருந்ததில் வலியே வந்துவிட்டது.

மூன்று மணிக்குச் சபைக் கூடத்தில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். கடைச் சுவரிலிருந்த பெரிய கண்ணாடியை அப்பா கழற்றிக் கொண்டுவந்து ஜன்னல் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, அவசர அழைப்பு வந்து ஓடினார். கத்திரியக்கா சீப்பு, கத்திரி, தண்ணீர்ப் புட்டி எல்லாம் எடுத்து வந்திருந்தாள். மேலே போர்த்தும் துணியை மட்டும் மறந்துவிட்டாள். பாஸ்டரம்மா யோசித்து யோசித்து, கடைசியில் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். திருப்பிப் போட்டுக் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டால் அளவாக இருந்தது. பதினோரு தேவதூதர்கள் ஈரத்தலையோடு மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் திடீர் முடிவெட்டு யாருக்காக என்பதில் அவர்களுக்குள் சந்தேகமே இல்லை. எல்லா விரலும் தோள் வரை முடி வளர்த்த கிடார்க்காரனை நோக்கித்தான் நீண்டன. அவன் இல்லவே இல்லை என்றான். நாற்காலியில் உட்கார்ந்ததும் கத்திரியக்காவிடம் மெதுவாக, "நுனி மட்டும் போதும் அக்கா. நுனியோட நுனி" என்றான்.

"அப்போ சீப்பே போதும்ப்பா, கத்திரி எதுக்கு" என்றாள் அவள்.

சுண்டு விளக்குமாறோடு நின்று விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லிப் பாஸ்டரம்மா ஜெபித்தார். முடி வெட்டிக்கொள்ள உதவி கேட்டு, வீட்டில் சொல்ல முடியாமல், திங்கட்கிழமையை நினைத்துப் பயப்படும் அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கே பதில் கொடும் ஆண்டவரே என்றார். கூட்டும் சத்தம் நின்றது. விளக்குமாறு தரையில் விழுந்தது. கத்திரியக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்ணாடியில் தெரியவில்லை.

கடைசி ஆள் சோடா. தடித்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டால் அவளுக்கு எதிரே இருப்பது சுவரா ஆளா என்பதே தெரியாது. கண்ணாடிக்குள் தெரிந்த கத்திரியக்காவைப் பாஸ்டரம்மா என்று நினைத்து ஸ்தோத்திரம் சொன்னாள். செடி ஆய்வில் தண்ணீர் ஊற்றும் வேலை அவளுக்கு, அளவெடுக்கும் வேலை சுண்டுவுக்கு என்று பிரித்ததற்கு இந்தக் கண்தான் காரணம்.

வெட்டி முடிந்து அவள் வெளித் தாழ்வாரத்துக்குப் போனாள். பாஸ்டரம்மா அங்கிகளை உதறக் கொல்லைப்பக்கம் போனார். கூடத்தில் அம்மாவும் மகளும் மட்டும்.

சுண்டு விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு, தானே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா பின்னால் நின்று சீப்பை எடுத்தாள். இருபது வருட அனுபவம் அவளுக்கு. முகத்தைப் பார்த்துப் பேசாதவர்கள்கூடக் கண்ணாடியைப் பார்த்துப் பேசுவார்கள். அவள் சீவினாள். கேட்கவில்லை.

"அம்மா, அந்தச் சீட்டு நான் எழுதினது."

"ம்."

"தெரியுமா?"

"எழுத்து தெரியும். விஷயம் தெரியாது."

சுண்டு கண்ணாடியில் அம்மாவையே பார்த்தாள். "அப்புறம் ஏன் கேக்கல?"

"கேக்கக் கூடாதுன்னு உங்கப்பா ஜெபம் பண்ணிட்டிருக்கார்."

சுண்டு சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. பிறகு சொன்னாள், கோர்வையாக இல்லாமல், பின்னாலிருந்து முன்னாலும் முன்னாலிருந்து பின்னாலுமாக. ஆய்வின் பதினேழாம் நாளும் பதினெட்டாம் நாளும் அவள் ஊரில் இல்லை. சபையின் வாலிபர் முகாமுக்குப் போயிருந்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே என்று சோடா முகாமுக்கே வராமல் நின்றுவிட்டாள். அந்த இரண்டு நாள் அளவையும் அவளே எப்படியாவது எடுத்து வைப்பதாகப் பேச்சு. திரும்பி வந்து கேட்டால், மறந்துவிட்டேன் என்றாள். நோட்டில் நான்கு செடிக்கும் அந்த இரண்டு நாள் கட்டங்கள் காலி. பதினாறாம் நாள் நீலச் செடி ஒன்பது சென்டிமீட்டர். பத்தொன்பதாம் நாள் அளந்தால் பதினாறு. நடுவில் எப்படி வளர்ந்திருக்கும் என்று யோசித்து, சுண்டு இரண்டு எண்களைத் தானே எழுதிவிட்டாள்.

"பதினொண்ணு புள்ளி நாலு. பதிமூணு புள்ளி எட்டு. புள்ளி வச்சு எழுதினேன்மா. அப்பத்தான் நம்புவாங்கன்னு."

அம்மாவின் கையில் சீப்பு நின்றது.

"நடுவர் அந்த ரெண்டு எண்ணைத்தான் தொட்டுக் காட்டினார். இதுதான் இந்த ஆய்வோட உயிர்னார். அன்னைக்கு முகாம்ல ரெண்டு நாளும் என்ன பேசினாங்க தெரியுமா? உண்மையா இருக்கிறதைப் பத்தி. எல்லாத்தையும் நோட்ல அழகா எழுதிட்டு வந்தேன்."

கத்திரியக்காவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, காதலும் இல்லை மிரட்டலும் இல்லை. அடுத்த நொடியே வாயில் வார்த்தைகள் முண்டியடித்தன. நாளைக்கே டீச்சரிடம் போய்ச் சொல்லிவிடு. நானும் வருகிறேன். இல்லை, நானே சொல்கிறேன். எல்லாம் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன.

"நான் பேசணுமா, சும்மா நிக்கணுமா?" என்று கேட்டாள்.

"நில்லு."

நின்றாள்.

சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சுண்டு பட்டியல் போட்டிருக்கிறாள். 'சொல்லாவிட்டால்' பக்கம் நிறைய இருந்தது. பரிசு இருக்கும், சோடா இருப்பாள், அப்பாவின் லிஃப்ட் கதைகள் இருக்கும். 'சொன்னால்' பக்கம் ஒரே ஒரு வரி.

"என்ன வரி?"

"ஜெபம் பண்ண முடியும்னு எழுதியிருக்கேன்." அவள் குரல் இறங்கியது. "இப்பவும் பண்றேன்தான். ஆனா அந்த நோட்டு ஞாபகம் வந்ததும் தாண்டிப் போயிடுறேன். ஆண்டவர்கிட்டயே சுத்தி வளைச்சுப் பேசுறேன்மா. பதில் குடுங்க பதில் குடுங்கன்னு கேக்குறேன். பதில் தெரியாம கேக்கல. தெரிஞ்ச பதில் பிடிக்கல."

அம்மா வகிடெடுக்கத் தொடங்கினாள். சொல்லாமல் இருந்தது இப்போது கஷ்டமாகவும் இல்லை.

"சோடாகிட்டதான் முதல்ல சொல்லணும்" என்றாள் சுண்டு, தனக்கே சொல்வது போல. "அவளும் சேர்ந்துதானே பரிசை இழக்கப் போறா. அவளுக்குத் தெரியாம டீச்சர்கிட்ட போனா, அது இன்னொரு தப்பு. திங்கட்கிழமை வரைக்கும் வச்சிருந்தா நான் மாறிடுவேன். இப்பவே போறேன்."

தலைமுடி பாதி வகிடெடுத்து, பாதி எடுக்காமல், தோளில் ஈரத் துண்டோடு எழுந்து போனாள். வாசல்வரை போய்த் திரும்பி, "ஜெபம் பண்ணிட்டிரு" என்றாள். கத்திரியக்கா கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தாள். ஜன்னலை விட்டுப் பார்வையை எடுக்க அவளால் முடியவில்லை.

தாழ்வாரத்தில் மகளின் உதடுகள் அசைவது தெரிந்தது. சோடா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். போச்சு என்று நினைத்தாள் கத்திரியக்கா. பத்து வருட சினேகம், ஒரே பெஞ்சு, ஒரே சபை, போச்சு. சுண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோடா ஏதோ சொன்னாள். சுண்டு எழுந்து நின்றாள். சோடா இன்னும் ஏதோ சொன்னாள். சுண்டு இடுப்பில் கைவைத்து அப்படியே நின்றாள். அப்புறம் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் வளைந்து வளைந்து சிரித்தார்கள்.

இந்த நேரம் பார்த்து அப்பா கண்ணாடியை எடுத்துப்போக வந்தார். அவர் அதை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்தபோது பிள்ளைகள் இருவரும் உள்ளே வந்தார்கள். சுண்டு முதலில் தன் பங்கை அப்பாவிடம் சொன்னாள், இந்த முறை கோர்வையாக. சோடா தன் பங்கைச் சொன்னாள்.

பதினேழாம் நாள் காலை நீலச் செடி செத்துவிட்டது. அதன்மேல் பாசம் அதிகமாகி அவள்தான் வாளித் தண்ணீரை ஊற்றியிருந்தாள். சுண்டுவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று பயந்து, அதே மாதிரி வேறொரு சூரியகாந்தியை அந்தத் தொட்டியில் நட்டுவிட்டாள். கொஞ்சம் உயரமானது. அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால்தான் அளக்க மறந்துவிட்டேன் என்றாள்.

"அப்போ அந்தப் பாய்ச்சல்?" என்றார் அப்பா, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

"அது வேற செடிப்பா" என்றாள் சுண்டு. "நான் புள்ளி வச்சு எழுதினது செத்த செடிக்கும் புதுச் செடிக்கும் நடுவுல."

கண்ணாடி லேசாக ஆடியது. அவர் சிரிப்பதற்கு முன்னால் அவர் வயிறு சிரித்தது. "எத்தனை லிஃப்ட்ல சொல்லியிருக்கேன். மறுபடி எல்லாத்துலயும் ஏறி இறங்கணும்" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்று சுண்டு தேடினாள். இருந்தது, கொஞ்சம். மகளைப் பார்த்த பார்வையில் அதைவிடப் பெரியதாக வேறொன்று இருந்தது.

டீச்சருக்கு இப்போதே போன் செய்ய வேண்டும் என்றது சுண்டுதான். அம்மா தன் போனை நீட்டினாள். சுண்டு ஒலிபெருக்கியில் போட்டு, முன்னுரை எதுவும் இல்லாமல் சொன்னாள். சோடா நடுவில் புகுந்து, தண்ணீர் ஊற்றினது நான்தான் டீச்சர் என்றாள். பிறகு டீச்சர், பரிசு திரும்பப் போகும், அடுத்த சுற்றும் கிடையாது, தெரியும்தானே என்றார். தெரியும் என்றார்கள் இருவரும் ஒரே குரலில். மீதி மூன்று செடியின் அளவுகள் உண்மையானவையா என்று கேட்டார். அவற்றிலும் அந்த இரண்டு நாள் என்னுடைய ஊகம்தான், அதையும் எழுதித் தருகிறேன் என்றாள் சுண்டு.

"சரி. திங்கட்கிழமை காலைல ரெண்டு பேரும் என்கூட தலைமையாசிரியை அறைக்கு வாங்க. இதையெல்லாம் அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார் டீச்சர். வைக்கும் முன்பு, "நீங்களா சொன்னதுக்கு நன்றிம்மா" என்றார்.

சுண்டு போனைக் கொடுத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். அது கூடத்தின் அந்தக் கோடிவரை கேட்டிருக்கும். கொல்லைப்பக்கமிருந்து வந்த பாஸ்டரம்மா எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளைக்குப் பதில் கிடைத்திருக்கும் என்று தனக்கு நிச்சயமாகத் தோன்றுவதாகச் சொன்னார். ஆமாங்க, நல்லபடியாக வெட்டியாகிவிட்டது என்றாள் கத்திரியக்கா.

சுண்டு பசிக்கிறது என்றாள். மதியத்துக்கும் சேர்த்துப் பசிக்கிறது என்றாள். அம்மாவுக்கு ஆடிப்பாட வேண்டும் போலிருந்தது.

சோடா மட்டும் நகரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, மறுபடி கழற்றித் துடைத்தாள்.

"என்னடி?" என்றாள் சுண்டு.

"அந்தப் புதுச் செடியை எங்கேருந்து எடுத்தேன்னு நீ கேக்கவே இல்லையே."

"எங்கேருந்து?"

"அவங்க ஜன்னல்ல வரிசையா ஏழு தொட்டி இருந்தது. இப்ப ஆறு இருக்கு."

"யாரு ஜன்னல்ல?"

சோடா பதில் சொல்லாமல், சற்று முன் டீச்சரின் குரல் வந்த போனையே பார்த்தாள். அப்பா கண்ணாடியைப் பத்திரமாகத் தரையில் இறக்கி வைத்தார். கத்திரியக்கா காலியாக இருந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து, பக்கத்து மடக்கு நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

"வா. உக்காரு. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கு."